மறுமாற்றம் இரண்டு

திருநாவுக்கரசு நாயனார் புராணத்தை ஓதுவோர், பல்லவ வேந்தன் விடுத்த அமைச்சர்க்கு அடிகள் உரைத்த மறுமொழியையே பெரிதும் எடுத்துப் பாராட்டுவர். மறுமாற்றத் திருத்தாண்டகம் என்று அத்திருப்பதிகத்திற்குப் பெயரும் வழங்குகின்றது. பாராட்டு முறையே. ஆயின், அதனை ஒரு மறவனது வஞ்சினம்போலக் கொண்டு, அடிகள் பிறவியிலேயே அஞ்சாநெஞ்சினர் என்று பேசுவது சேக்கிழார் பெருமான் திருவுள்ளத்தோடு ஒக்குமோ என்பது ஆராயற்பாலது.

அப்புராணத்துள் அதற்குச் சிறிது முன்னர் வரும் ஒரு செய்தியை நோக்குக. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றிருந்தவர், சூலை பற்றி வருத்த, அமணர் செய்த மருந்தும் மந்திரமும் பயன்படாமையின், தமக்கையாரை நாடித் திருவதிகைக்குப் புறப்படுகின்றார். எவ்வாறு புறப்பட்டார்? உடலை வெண்புடவையாற் போர்த்து, உடன்வருவோர் கைகளைப் பற்றி ஊன்றி, ஒருவரும் காணாதபடி இரவிலே சென்றார் என்கின்றார் ஆசிரியர். நோயின் வெப்பத்திற்கு அஞ்சி இராப்பொழுதைத் தேர்ந்தார் எனச் சிலர் அமைதி கூறலாம். பிறர் காணாமையை ஆசிரியர் வெளிப்படக் கூறியிருத்தலின் அவ்வமைதி நில்லாது. தாம் போற்றும் பெருமானுக்கு இழுக்காகுமோ என்று கருதிச் சேக்கிழார் இதனை மறைத்தாரல்லர். இவ்விரவுச் செலவை உள்ளத்திற் கொண்டாற்றான் அத்தாண்டகத்தின் பொருள் விளங்கும்.

அவ்விரவிற்கும் அத்தாண்டகத்திற்கும் இடையே நிகழ்ந்தது யாது? தமக்கையார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார், வீரட்டானத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார், திருப்பதிகம் பிறந்தது, சூலை நீங்கிற்று. வயிற்றினுள் தீக்கொண்டாற்போல நேற்று வரை துடித்தவரே, தாம் நோயறியோம், நமனுக்கும் அஞ்சோம் என்று அமைச்சரிடம் கூறுகின்றார். யாவர்க்கும் குடியாகாமைக்கு அவர் காட்டும் ஏது, சங்கரனுக்கு மீளாத அடிமையாயினமை ஒன்றே. தம் ஆற்றலையோ, தவத்தையோ, கல்வியையோ அவர் ஏதுவாகக் காட்டவில்லை.

இது செருக்காகாதோ எனின், ஆகாது. மெய்கண்டார் பத்தாஞ் சூத்திரத்தில் உணர்த்திய இறைபணி நிற்றலாவது, தன் செயல் என ஒன்றின்றி நிற்கும் நிலை. அந்நிலையில் நிற்பார்க்கு 'யான் அஞ்சேன்' என்பதும் தன்முனைப்பாகாது. அன்றியும், மறுமாற்றங் கேட்ட அமைச்சர் அடிவணங்கி வேண்டியபொழுது, வருவனவற்றிற்கு எம்பெருமான் உளன் என்று அடிகள் உடன்பட்டுச் சென்றார். செருக்கினால் மறுத்தவராயின் பின்னர் இசைந்து செல்வரோ? தாண்டகத்தைப் பாராட்டுவார் இவ்விசைவைக் கண்டுங் காணாதார்போல் விடுத்துச் செல்வது பெருங்குறை. ஆணைக்குப் பணியாமையும், வேண்டுகோளுக்கு இரங்குதலும் ஓரிடத்தே அமைந்தமைதான் ஈண்டு அறியற்பாலது. (அவ்வேந்தனை 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர் பலரும் கொள்வர். குணபரன் என்னும் அவன் பெயர் சிராப்பள்ளிக் கல்வெட்டில் உண்டு.)

பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தனவே: 7 நாள் நீற்றறை, நஞ்சு கலந்த பாலடிசில், மதயானை, கல்லொடு பிணித்துக் கடலில் இடுதல். யானையின் முன் அருளிய பதிகத்தும், அஞ்சாமைக்குக் காரணம் கெடிலக்கரைப் பெருமானுக்கு உரியராயினமையே என்பது காண்க.

இனி, மற்றொரு மறுமாற்றமும் இப்புராணத்துள் உண்டு. அதனைக் கூறியவர் திலகவதியார். தாய் தந்தையர் இறந்தனர். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உடன் உயிர்விடத் துணிந்த அம்மையார் தம்பியார் உளராதல் வேண்டும் என்பதற்காகவே உயிர் தாங்கினார். அத்தம்பியாரே உயிர் போம் நிலையிற் கிடந்து ஆள் விடுக்கின்றார். அமண் பள்ளிக்கு வாரேன் என்று அம்மையார் மறுத்து விடுத்தார்.

சூலை தந்து தம்பியாரை ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவில் முன்னரே அருளினமையின் இம்மறுப்பு அம்மையார்க்கு எளிதாயிற்று எனின், அது பெண்ணெஞ்சம் அறியார் கூற்று. ஆட்கொள்ளுதலை அறிவித்த அக்கனவு, அலறுகின்ற தம்பியை எண்ணித் தமக்கை படுந் துயரை மாற்றிவிடவில்லை. வந்த ஏவலாளனிடம் அம்மையார் கனவை எடுத்துக் கூறியதாகவும் ஆசிரியர் பாடவில்லை.

வேந்தனது சினத்தை மறுத்தல் ஒன்று. தான் வளர்த்த தம்பியின் அழுகுரலை மறுத்தல் மற்றொன்று. பின்னதற்குப் புலவர் உலகம் பெயர் ஒன்றும் இட்டிலது. அம்மையார் அன்று அன்பிற்கு இளகிப் பள்ளிக்குச் சென்றிருப்பின், வெண்புடவை போர்த்து இரவில் வருவார் ஒருவர் இரார். அமைச்சர்க்குத் தாண்டகம் உரைப்பாரும் இரார்.