பெயரும் முகமும்: முஹம்மத் அலீயின் குத்துச்சண்டை வாழ்வை மீள வாசித்தல்

இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் 'புலூகுல் மராம்' நூலை நடத்துகையில், அதன் இறுதிப் பகுதியில் தீய குணங்களை எச்சரிக்கும் பாடத்தில் இரண்டு நபிமொழிகள் வரும். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், சினம் எழும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்னும் கருத்துடையது ஒன்று. ஒருவர் மற்றவரோடு சண்டையிட நேர்ந்தால் முகத்தைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் பதிவானவை. சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை நடத்தி முடித்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் முஹம்மத் அலீ, உஸ்தாத்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைப் பற்றி நம் இதழ்களில் நான் படித்தவற்றுள் ஒன்றுகூட இக்கேள்வியை எழுப்பியதாக நினைவில்லை.

நம் மொழியில் அலீ குறித்து வந்த கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். 1942ஆம் ஆண்டு ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் கேஷியஸ் கிளே என்ற பெயரில் பிறந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். நிறவெறியால் மனம் வெதும்பி அப்பதக்கத்தை ஆற்றில் எறிந்தார். 1964இல் சன்னி லிஸ்டனை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் வாகையரானதோடு இஸ்லாத்தையும் ஏற்றார். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தார். நோயுற்றும் பொறுமை காத்தார். இவ்வளவையும் சொல்லி, இறுதியில் ஒரு துஆவுடன் கட்டுரை முடிந்துவிடும். துஆவில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் இவ்வரிசையில் சரிபாதி, ஆராயாமல் எடுத்தாளப்பட்ட செய்தி.

இதற்கு மூலம் அவருடைய தன்வரலாறு. அவர் பெயரில் இரண்டு தன்வரலாறுகள் உள்ளன. ஒன்று 1975இல் ரிச்சர்ட் டர்ஹாம் என்பாருடன் இணைந்து எழுதிய 'தி கிரேட்டஸ்ட்'. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் டோனி மாரிசன் அதன் பதிப்பாசிரியர். மற்றொன்று 2004இல் தம் மகள் ஹனாவுடன் எழுதிய 'தி சோல் ஆஃப் எ பட்டர்ஃபிளை'. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் 29 ஆண்டுகள் மட்டுமன்று. முதல் நூலின் கைப்படி, அலீயின் மேலாளரும் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத் தலைவர் எலிஜா முஹம்மதின் மகனுமான ஹெர்பர்ட் முஹம்மதின் ஒப்புதலைப் பெற்றே அச்சேறியது. ஓர் இயக்கம் தன் வீரரை எவ்வாறு காட்ட விரும்பியதோ அவ்வாறே அந்நூல் அவரைக் காட்டுகிறது. விறுவிறுப்பில் குறைவில்லை. ஆனால் சாட்சியாக அதை எடுத்துக்கொள்பவர், அறிவிப்பாளரைப் பற்றி விசாரிக்கக் கடமைப்பட்டவர்.

பதக்கக் கதையையே எடுத்துக்கொள்வோம். உணவகத்தில் வெள்ளையருக்கு மட்டுமே உணவு என்று மறுக்கப்பட்டதும், ஒஹாயோ ஆற்றில் பதக்கம் மூழ்கியதும் 1975ஆம் ஆண்டு நூலில் விரிவாக வருகின்றன. அவருக்கு நெருக்கமானவர்கள் சிலரோ பதக்கம் தொலைந்துபோயிற்று என்றே கூறினர். அலீயும் சில காலம் அப்படிக் கூறியதுண்டு. 2004ஆம் ஆண்டு நூலில் மீண்டும் ஆற்றுக் கதைக்கே திரும்புகிறார். ஹதீஸ் கலை பயின்றவர் இத்தகைய முரணுக்கு 'இள்திராப்' என்று பெயர் சூட்டி, ஒரு பக்கத்தை வலுப்படுத்தும் சான்று கிடைக்கும்வரை தீர்ப்பை நிறுத்திவைப்பார். நம் கட்டுரையாளர்கள் நிறுத்திவைக்கவில்லை. நிறவெறி பொய்யென்று இதனால் ஆகிவிடாது. அன்றைய லூயிவில்லில் அது அன்றாட உண்மை. ஓர் உண்மையை நிலைநாட்ட ஐயத்திற்குரிய கதை எதற்கு என்பதே என் கேள்வி.

அடுத்தது, அவர் இஸ்லாத்தை ஏற்ற ஆண்டு. 1964 மார்ச் 6 அன்று அவருக்கு 'முஹம்மத் அலீ' என்று பெயரிட்டவர் எலிஜா முஹம்மத். ஃபர்த் என்பவரின் உருவில் இறைவனே தோன்றினான் என்றும், அவனுடைய தூதர் தாமே என்றும் போதித்தவர் அவர். வெள்ளையர் அனைவரும் ஷைத்தான்கள் என்பதும் அவ்வியக்கத்தின் கொள்கை. ரமளானை விட்டு டிசம்பரில் நோன்பு நோற்றார்கள். தவ்ஹீதும் நபித்துவ முத்திரையும் தெரிந்த ஒருவர் இதற்கு என்ன பெயர் சூட்டுவார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எலிஜா 1975 பிப்ரவரியில் இறந்தபின், அவருடைய மற்றொரு மகன் வாரிதுத்தீன் முஹம்மத் அவ்வியக்கத்தைப் பொது முஸ்லிம் சமுதாயத்தின் நம்பிக்கைக்குள் அழைத்துவந்தார். அலீயும் அவருடனேயே வந்தார். அந்த வருகையைத்தான் நாம் கொண்டாடியிருக்க வேண்டும். உலகமே பார்த்திருக்க மேடையில் அறிவிக்கப்பட்ட 1964ஐ நாம் பெரிதாக எழுதுகிறோம். ஆரவாரமின்றி நிகழ்ந்த 1975ஐ ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

இப்பிழையால் பெரிதும் மறைக்கப்படுபவர் மால்கம் எக்ஸ். லிஸ்டனுடனான போட்டிக்கு முன் மியாமியில் அலீக்கு உடனிருந்து துணிவூட்டியவர் அவர். 1964 மார்ச்சில் மால்கம் இயக்கத்திலிருந்து வெளியேறினார். ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்றார். நிறம் பாராத சகோதரத்துவத்தை அங்கே கண்டார். மே மாதம் கானா நாட்டின் அக்ராவில் இருவரும் எதிர்ப்பட்டபோது அலீ முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரியான அகீதாவை நோக்கி நடந்த நண்பரை, தவறான அகீதாவில் நின்றுகொண்டு புறக்கணித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 21 அன்று மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னிப்புக் கேட்க வழியில்லாமற் போயிற்று. மால்கமுக்கு முதுகு காட்டியதைத் தம் வாழ்வின் மிக வருந்தத்தக்க பிழைகளுள் ஒன்றாக 2004ஆம் ஆண்டு நூலில் அலீ எழுதுகிறார். சிறு சிறு கவிதைகளும் ஸூஃபி கதைகளும் கலந்த நெகிழ்வான நூல் அது. ஹஸ்ரத் இனாயத் கானின் கருத்துகளில் அவர் கொண்ட ஈடுபாட்டில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. ஆயினும் அந்த ஒரு வருத்தத்துக்காகவே அந்நூலை முதல் நூலுக்கு மேலாக வைப்பேன்.

பெயரைப் பற்றிய பேச்சு இங்கே தவிர்க்க முடியாதது. 1967 பிப்ரவரி 6 அன்று ஹூஸ்டனில் எர்னி டெரலுடன் போட்டி. டெரல் அவரைப் பிடிவாதமாக 'கிளே' என்றே அழைத்துவந்தார். களத்தில் அலீ தம் பெயர் என்னவென்று கேட்டுக் கேட்டுக் குத்தினார்; 15 சுற்றுகள் அது நீடித்தது. அடிமைத்தனத்தின் எச்சமான பெயரை உதறியவருக்குப் புதிய பெயர் மீதிருந்த ரோஷம் நமக்குப் புரிகிறது. எனினும் அந்தப் போட்டியை நம்மவர்கள் மார்க்கப் பற்றின் அடையாளமாக எழுதும்போது, வகுப்பில் நடத்திய முதல் நபிமொழி என் நினைவுக்கு வருகிறது. அங்கே வென்றது சினம்.

இதைவிடக் கனமானது ஜோ ஃப்ரேஸியர் விவகாரம். போருக்குச் செல்ல மறுத்ததால் அலீயின் உரிமம் பறிக்கப்பட்டிருந்த காலத்தில் அவருக்கு ஆதரவாகப் பேசியவர் ஃப்ரேஸியர். தென் கரோலினாவின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பர். அவரையே வெள்ளையரின் ஏவலாள் என்று அலீ இகழ்ந்தார். 1975இல் மணிலா போட்டிக்கு முன் 'கொரில்லா' என்று பெயரிட்டு, கையில் ரப்பர் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு செய்தியாளர்களைச் சிரிக்கவைத்தார். சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் எதைத் தடுக்கிறது? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை இகழ்வதையும், பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் அழைப்பதையும். தன் பெயரைச் சரியாகச் சொல்லுமாறு உலகத்தையே வற்புறுத்திய ஒருவர், பிறருக்கு இழிபெயர் சூட்டுவதில் அவ்வளவு தாராளமாக இருந்தார். போட்டிக்குச் சீட்டு விற்பதற்கான வேடிக்கை அது என்பர் சிலர். வேடிக்கைக்கென்று அவ்வசனத்தில் விலக்கு இல்லை. 2001இல் அலீ பத்திரிகை வாயிலாக ஃப்ரேஸியரிடம் வருத்தம் தெரிவித்தார். 2011இல் ஃப்ரேஸியரின் இறுதிச் சடங்குக்கும் நடுங்கும் உடலோடு சென்றார்.

1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் படைச் சேர்ப்பு மையத்தில் பெயர் அழைக்கப்பட்டபோது அலீ முன்வர மறுத்தாரே, அதுவே அவர் வாழ்வின் உச்சம். மேற்சொன்ன குறைகள் எதுவும் அதைத் தொடா. வாகையர் பட்டம் பறிபோயிற்று. ஜூன் 20 அன்று 5 ஆண்டு சிறைத்தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறை செல்லவில்லை என்றாலும், இருபத்தைந்து வயது தொடங்கி மூன்றரை ஆண்டுகள், ஒரு வீரனின் பொற்காலம், வீணாயிற்று. அவருடைய மனச்சான்று உண்மையானதென்று விசாரணை அதிகாரி பரிந்துரைத்தும் நீதித்துறை ஏற்கவில்லை. அல்லாஹ் ஆணையிடும் போரில் மட்டுமே கலந்துகொள்வேன் என்று அவர் கூறியதால், எல்லாப் போரையும் எதிர்ப்பவராக அவரைக் கருத இயலாது என்பது அரசின் வாதங்களுள் ஒன்று. 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 8 நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் தண்டனையை நீக்கியது. எந்தக் காரணத்தால் விலக்கு மறுக்கப்பட்டதென்று மேல்முறையீட்டு வாரியம் சொல்லாததே அதற்கு அடிப்படை. அவருடைய மார்க்க நிலைப்பாட்டை நீதிமன்றம் போற்றியதாக நம் கட்டுரைகளில் வருவது மிகை.

இனி, முகம். அலீயின் களநுட்பத்தை அறிந்தவர்கள் அனைவரும் ஒப்புவது ஒன்றுண்டு. எதிராளியின் விலாவிலோ வயிற்றிலோ அவர் அரிதாகவே குத்துவார். அவர் கைகள் தேடியது தலையையும் முகத்தையும்தான். தம் முகம் அழகியது, அதில் ஒரு வடுவும் இல்லை என்பது அவர் ஓயாமல் அடித்துக்கொண்ட தம்பட்டம். முதல் 29 போட்டிகளில் அது உண்மையாகவும் இருந்தது. கால்களின் விரைவால் அடி அவரை எட்டவில்லை. 1970இல் திரும்பி வந்தபோது கால்கள் அந்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை. அடியைத் தாங்க முடியும் என்பதை அப்போது கண்டுகொண்டார். அவருடைய 61 போட்டிகளில் எஞ்சிய 32ம் இந்த ஆபத்தான அறிவின் மீதே நடந்தவை. 5 தோல்விகளும் அதற்குள்ளேயே அடங்கும்.

1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாஸாவில் ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளைக் கயிற்றில் சாய்ந்தவாறு ஏற்று ஏற்று, எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்தினார். நம்மவர்கள் இதை 'ஸப்ரு' என்று எழுதுகிறார்கள். எதிராளியைக் களைப்படையச் செய்யும் தந்திரத்திற்கு ஸப்ரு என்ற பெயர் பொருந்துமா? அந்தத் தந்திரத்தின் விலை பின்னர் தெரிந்தது. 1977இல் எர்னி ஷேவர்ஸுடனான போட்டிக்குப் பின் சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளைக் கண்ட மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, போதும் என்று எச்சரித்து, எவரும் செவிசாய்க்காததால் விலகிக்கொண்டார்.

1980ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அலீ சென்னை வந்தார். ஓய்வு அறிவித்துவிட்டிருந்த காலம் அது. நேரு விளையாட்டரங்கில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிக்காகக் கையுறை அணிந்தார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸின் முன் நின்றார். வயது 38. அதற்கு முன் மேயோ மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டபோதே பேச்சிலும் கைகளிலும் தளர்வு குறிக்கப்பட்டிருந்தும், சண்டையிட உரிமம் கிடைத்தது. பத்துச் சுற்றுகள் அடிவாங்கியபின் பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். ஒப்பந்தத் தொகையான 8 மில்லியன் டாலரில் சுமார் 1.2 மில்லியன் குறைத்துத் தரப்பட்டது. வழக்குத் தொடுத்த அலீ, 50,000 டாலர் ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். இத்தொழில் தன் வாகையருக்குச் செய்த கடைசி மரியாதை இது. மறு ஆண்டு பஹாமாஸில் இன்னொரு தோல்வியோடு எல்லாம் முடிந்தது. 1984இல் பார்க்கின்ஸன் அறிகுறிகள் உறுதிசெய்யப்பட்டன. அந்நோய்க்குக் குத்துகளே காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. நோய் முகத்தசைகளை இறுகச் செய்து, உணர்வுகளை வெளிக்காட்டும் ஆற்றலைக் குறைத்தது. அவர் பெருமைப்பட்ட முகம் அது.

1987 அக்டோபரில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை தன் பத்தாவது அமர்வில் குத்துச்சண்டையை ஹராம் என்று அறிவித்தது. எதிராளிக்குக் கடும் தீங்கிழைப்பதையே ஆகுமாக்கிக்கொண்ட விளையாட்டு அது. பார்வையிழப்பும் மூளைப் பாதிப்பும் மரணமும் அதில் நேரலாம் என்பன அச்சபை காட்டிய காரணங்கள். ருகானாவுடன் நபி (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்த செய்தியைச் சிலர் எதிர்வாதமாக வைப்பதுண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானதன்று என்று திர்மிதீ (ரஹ்) அவர்களே குறிப்பிட்டுள்ளார்கள். அதை ஏற்றுக்கொண்டாலும் அது மல்யுத்தம், முகத்தில் குத்துவதன்று.

மாணவருக்கு நான் அன்று சொன்ன விடை: செயலின் சட்டம் தெளிவானது, அதை மனிதருக்காக வளைக்காதீர்கள், அம்மனிதர் அச்சட்டம் சென்றடையாத சூழலில், பன்னிரண்டு வயதில் மிதிவண்டி திருடுபோன கோபத்தில் கையுறை அணிந்தவர், அவர் மீது அச்சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளிக்காதீர்கள். "ஆனால் அறிந்த பின்னும் 1981 வரை சண்டையிட்டாரே?" என்று அவர் விடவில்லை. உண்மைதான். அதற்கு அப்போது என்னிடம் விடையில்லை. இப்போதும் முழு விடை இல்லை.

2002இல் ஹாலிவுட் நடைபாதையில் புகழ்பெற்றோர் பெயர் பொறித்த நட்சத்திரங்களின் வரிசையில் அலீக்கும் ஓர் இடம் தர முன்வந்தார்கள். முஹம்மத் என்னும் பெயர் மனிதர்களின் காலடியில் மிதிபடுவதை அவர் விரும்பவில்லை. ஆகவே அந்த வரிசையில் அவருடைய நட்சத்திரம் மட்டும் தரையில் இல்லை. அங்குள்ள அரங்கம் ஒன்றின் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது.