வரவேற்பா, ஏற்பா? கிழக்குத் திமோர் ஆணைய அறிக்கையின் சொற்கள்

கிழக்குத் திமோரில் 1974 முதல் 1999 வரை நிகழ்ந்த மனித உரிமை மீறல்களை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை 2005இல் நிறைவுற்றது. அதன் தலைப்பு 'ஷேகா!' என்னும் போர்த்துக்கீசியச் சொல், 'போதும்!' என்பது பொருள். அதன் வினைக்கு வந்துசேர்தல் என்னும் பொருளும் உண்டு. அந்நாட்டுத் தேத்தும் மொழியின் 'தோஒ' என்பதும் இவ்விரு பொருளையும் தரும். பழந்தமிழில் வருதலையும் செல்லுதலையும் குறித்த 'போதுதல்' இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

தலைப்பு இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்க, ஆணையத்தின் பெயரோ ஆங்கிலத்தில் நலிந்துவிட்டது. ஐ.நா. இடைக்கால நிர்வாகம் 2001இல் இவ்வாணையத்தை நிறுவியபோது பெயரின் முதற்சொல்லாக நின்றது உண்மையன்று, இணக்கமுமன்று; 'அகோலிமெந்து' என்பதே. வந்தவரை மனமுவந்து உள்ளே சேர்த்துக்கொள்ளுதல் என இதனை விளக்கலாம். 1999ஆம் ஆண்டு வாக்கெடுப்பை அடுத்து மூண்ட வன்முறையில் ஏறத்தாழ 2,50,000 பேர் மேற்குத் திமோருக்குச் சென்றனர் அல்லது கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வருவோருள் வீட்டை இழந்தவரும் இருந்தனர், வீட்டைக் கொளுத்தியவரும் இருந்தனர். இவ்விருவரையும் ஒரே ஊரில் மீண்டும் குடியமர்த்தும் பணியை அச்சொல் சுட்டிற்று. ஆங்கிலப் பெயர் இதனை 'ரிசப்ஷன்' ஆக்கியது. தமிழரும் அறிந்த இச்சொல் விடுதியின் முன்கூடத்தையும் திருமண மாலையையுமே நினைவூட்டும். 'உண்மை ஆணையம்' எனச் சுருக்கி வழங்குவோர் அதனையும் விட்டுவிடுகின்றனர்.

தேத்தும் மொழியில் 'சிமு' என்பது பெறுதல், ஏற்றல். 'மாலு' என்பது வினையின் பரிமாற்றத்தைக் காட்டும் சொல். 'சிமு மாலு' எனில் ஒருவரையொருவர் ஏற்றல். ஆங்கிலத்தில் இழக்கப்பட்டது இந்த 'மாலு'வே எனலாம்.

ஊர்தோறும் நடந்த இணக்க நிகழ்வுகளிலும் இதே நிலையைக் காணலாம். பாய் விரித்தல் எனப் பொருள்படும் 'நாஹே பித்தி' மரபைத் தழுவி, தீவைப்பு, களவு முதலிய சிறு குற்றங்கள் புரிந்தோர் ஊரார் முன் அமர்ந்து பேசினர். 1,371 பேர் இந்நடைமுறையை நிறைவு செய்தனர். அறிக்கையின் ஆங்கில வடிவம் இவர்களை வாக்குமூலம் அளிப்போர் என்னும் நீதிமன்றச் சொல்லால் சுட்டுகிறது. உடன்பாடு நீதிமன்றத்தில் பதிவு செய்யப்பட்டதால் இதற்கு நியாயம் உண்டு. ஆயினும் பாயில் அமர்ந்தவரைக் கூண்டில் ஏற்றிவிடும் சொல் அது.

எனினும் 'மாலு'வை அப்படியே போற்றுவதும் சரியன்று. கொலையும் பாலியல் வன்முறையும் பாயின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆணையிட்டோர் அங்கு வரவில்லை. மோதல் தொடர்பான இறப்புகள் குறைந்தது 1,02,800 என மதிப்பிடும் ஓர் அறிக்கையில் இது சிறு செய்தியன்று. மேலும், பரிமாற்ற வினை இரு தரப்பையும் எழுவாயாக்கும். வீட்டை இழந்தவளும் ஏற்கக் கடமைப்பட்டவளாகிறாள். அவள் மறுத்தால் வாக்கியமே முற்றுப்பெறாது.

தமிழில் பெயர்ப்போர் 'வரவேற்பு' என்பதைத் தவிர்த்து 'ஏற்பு' எனக் கொள்வது தகும். 'ஏற்றுக்கொள்' என்னும் வினை ஆளையும் ஏற்கும், குற்றத்தையும் ஏற்கும். குற்றத்தை ஏற்பவன் ஒருவன். அவனை ஏற்பவர் வேறொருவர். எது முன், எது பின் என்பதைச் சொல் காட்டாது. மொழிபெயர்ப்பாளர்தாம் தொடரில் காட்ட வேண்டும்.