இழவும் இளிவும்

இக்காலத் திறனாய்வாளர் பலர் புதினங்களிற் காணும் எல்லாத் துயரையும் 'மனவடு' என்னும் ஒரு சொல்லுள் அடக்குவர். தொல்காப்பியர் அவ்வாறு கொண்டிலர். அழுகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காகப் பகுத்து, இழவையும் இளிவையும் வேறாக வைத்தார்.

இப்பகுப்பின் பயனைத் தோல்தொழில் மிக்க வேலூர்ப் பகுதியிற் காணலாம். 2015 சனவரி 31 அன்று, விடியுமுன், இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. சேற்றில் மூழ்கிப் பத்துப்பேர் மாண்டனர். இத்தகைய திடீர் இடருக்குத் தப்பியவர்பால் அந்நிகழ்ச்சியே கனவில் மீளுதலும், சிற்றொலிக்கும் திடுக்கிடுதலும், அவ்விடத்தை அஞ்சி ஒதுக்குதலும் தோன்றக்கூடும். இஃது இழவின் வடு.

முன்பணக் கடனுக்காக ஆண்டுக்கணக்கிற் கொத்தடிமையாய் உழன்றவன் நிலையோ வேறு. மீண்டு நினைக்க அவனுக்குத் தனியொரு நாள் இல்லை. எல்லா நாளும் அதுவே. மேற்கூறியவற்றோடு தன்னையே இழிவாக எண்ணுதல், சினம் அடங்காமை, எவரையும் நம்பாமை ஆகியனவும் அவன்பாற் சேரக்கூடும். இஃது இளிவின் வடு. சூடித் எர்மன் 1992இல் இதனைப் பிரித்துக் காட்டினார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப்பகுப்பும் இதனைத் தனிநோயாக ஏற்றது.

ஆயினும் காரணம் ஒன்றே வடுவின் வடிவை அறுதியிடாது. ஓரிடரே இருவரை இருவகையாக வருத்துதலும் உண்டு. ஆதலின் காரணத்தோடு மெய்ப்பட்ட குறிகளையும் நோக்குதல் வேண்டும்.

திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வைக் கூறும் டி. செல்வராஜின் 'தோல்' போன்ற புதினத்தில் ஒரு கொடுநிகழ்ச்சியை மட்டும் தேடுவோர், நாள்தோறும் படிந்த இளிவைக் காணார். அதனைக் காணாத திறனாய்வு, அத்தொழிலாளரின் துயரிற் பாதியை மறைத்ததாகும்.