டிவி கேம்: மிகைமதிப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கவிதைத் தொகுப்பின் விமர்சனக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ பழைய வீடியோ கேம்களுக்குத் திரும்பிவிட்டது. பழைய கன்சோல்களில் அளவுக்கு மீறிக் கொண்டாடப்படுவது எது என்பது கேள்வி. ஒருவர் நிண்டெண்டோ என்றார். இன்னொருவர் சேகாவின் மெகா டிரைவ் என்றார். மூன்றாமவர் பிளேஸ்டேஷன் 2 என்று அடித்துச் சொன்னார். கூட்டத்தில் வாயே திறக்காத மூவரும் இதற்காக ஒரு மணிநேரம் சண்டை போட்டார்கள். "சரி தோழர், நிண்டெண்டோவையும் மெகா டிரைவையும் சின்ன வயசுல நம்ம ஊர்ல யார் வீட்லயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்த மௌனத்தை வாசிப்புக்கு உட்படுத்தலாம் என்று தோன்றுகிறது. நம் கையில் இருந்தே இராத ஒன்றின் மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் நாம் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம்?

2

நிண்டெண்டோவின் புகழைத் தாங்கி நிற்பது ஒரு மீட்பர் கதையாடல். 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்தது. அதே ஆண்டு ஜப்பானில் ஃபேமிகாம் வெளிவந்தது. 1985இல் அது வேறு உடை போட்டுக்கொண்டு அமெரிக்கா போய், செத்துக்கொண்டிருந்த தொழிலைப் பிழைக்கவைத்தது. அமெரிக்கர்களுக்கு இது வரலாறு; அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் திருநெல்வேலியில் எந்தச் சந்தையும் சரியவில்லை. சரிவதற்கு இங்கே ஒன்றும் இருக்கவில்லை. இன்னொருவர் வீட்டு நோய்க்கு வந்த மருந்தை நாம் நம் சாமியாக்கிக் கும்பிடுகிறோம் என்பதே என் புகார்.

மெகா டிரைவின் கதை இன்னும் வேடிக்கையானது. 1988இல் ஜப்பானில் வந்த இந்த இயந்திரத்தை இந்தியாவில் விற்க 1995இல் சேகா ஒப்பந்தம் போட்டுக்கொண்டது மதுபானத்துக்குப் பேர்போன ஷா வாலஸ் நிறுவனத்தோடு. 80 சதவீத இறக்குமதி வரியைச் சுற்றிக்கொண்டு போகும் ஏற்பாடு அது. அப்படியும் விலை 18,000 ரூபாய். அன்றைக்கு ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். தாராளமயம் நமக்குக் காட்டிய கண்ணாடி அலமாரி என்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம். நம் நினைவு என்று சொல்ல முடியாது.

2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 பற்றி நண்பர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். உலகம் முழுக்க 16 கோடி விற்றது என்பது தரத்துக்குச் சான்றாகாது. ஆனால் எங்கள் பக்கத்துப் பையன்களில் பலர் அதைத் தொட்டது மணிக்கணக்கில் காசு கொடுத்து, கடையில். வைத்திருந்தவனின் பெருமிதம் அந்த நினைவில் குறைவு. அந்த அளவுக்கு அதை மன்னிக்கலாம்.

3

அப்படியானால் நம்மிடம் இருந்தது எது? நகல். சாமுராய், டெர்மினேட்டர் என்று பல பெயர்களில் வந்த ஃபேமிகாம் நகல்கள். ஜப்பானிய ஃபேமிகாமில் போலிக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சில்லு கிடையாது. அமெரிக்க மாதிரியில்தான் அதைச் சேர்த்தார்கள். தைவானிலும் பிறகு சீனாவிலும் நகல்கள் பெருகியதற்கு இது ஒரு காரணம். பிந்தைய நகல்களைத் திறந்தால் உள்ளே ஒரு கறுப்புப் பசைத் துளிதான். மொத்த இயந்திரமும் அதற்குள். ரஷ்யாவில் 1992இல் 'டெண்டி' என்ற பெயரிலும், போலந்தில் 'பெகாசஸ்' என்ற பெயரிலும் இதே நகல்தான் ஒரு தலைமுறையின் மூலமாயிற்று.

இங்கே நம் தோழர்கள் உற்சாகமாகிவிடுகிறார்கள். நகல் மூலத்தைக் கவிழ்க்கிறது, திருட்டுக் கேசட் மூலதனத்துக்கு எதிரான விளிம்பின் கலகம் என்று எழுதிவிடுகிறார்கள். நானும் ஒருகாலத்தில் எழுதியவன்தான். ஆனால் அந்தக் கேசட்டை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். மேலே 9999999 விளையாட்டுகள் என்று போட்டிருக்கும். பட்டியலில் இறங்கினால் மாரியோ, காண்ட்ரா என்று சில விளையாட்டுகளே பெயரையும் தொடக்கக் கட்டத்தையும் மாற்றிக்கொண்டு திரும்பத்திரும்ப வரும். ஏராளம் என்ற வாக்குறுதி, கைக்கு வருவது அதே பழையது. சரக்குப் பொருளாதாரத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பிரதி வேறு என்ன இருக்கிறது? கலகம் என்கிறீர்கள். நாங்கள் காண்ட்ராவில் ரெண்டு கமாண்டோக்களாக நின்று சுட்டுத்தள்ளினோம்; அதே பெயரில்தான் அமெரிக்கா எண்பதுகளில் நிகராகுவாவின் எதிர்ப்புரட்சிப் படைக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆக, மிகைமதிப்புப் பட்டியலில் நகலையும் சேர்க்கிறேன். மூலத்தைக் கொண்டாடுகிறவரும் நகலைக் கொண்டாடுகிறவரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். இருவரும் பெட்டியையே பார்க்கிறார்கள்.

4

நாங்கள் யாரும் அன்றைக்குக் 'கன்சோல்' என்று சொன்னதில்லை. 'டிவி கேம்' என்றோம். இந்தச் சொல்லில் டிவி முதலில் வருகிறது. ஜனங்களின் சொல்லுக்கு விமர்சகர்களைவிட விவரம் அதிகம். வாத்து சுடும் விளையாட்டில் துப்பாக்கிக் குதிரையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கியின் வாயிலுள்ள உணர்வுக்கருவி பார்த்துக்கொள்ளும். துப்பாக்கி சுடுவதில்லை, டிவிதான் துப்பாக்கிக்குள் சுடுகிறது. குழாய் டிவி போனதும் அந்தத் துப்பாக்கியும் செத்துவிட்டது.

டிவி என்றால் வீடு, கரண்டு, உட்கார இடம், உள்ளே வரலாம் என்ற அனுமதி. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் தெருவில் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டிவி கேம் எங்கள் வீட்டில் இருந்தது. நான் உள்ளே உட்கார்ந்து ஆடினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து "தாவுல, தாவுல" என்பாள். எந்தக் கொழாய்க்குள் இறங்கலாம் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். ஜாய்ஸ்டிக் அவள் கைக்குப் போனதில்லை. ஜன்னலுக்கு வெளியே என்னோடு ஒரே வகுப்பில் படித்த பையன்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் ஏன் வாசல் வழியாக வரவில்லை என்று நான் கேட்டதில்லை. வாசலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் என்ன ஓடியது என்று இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் புகுந்த போலீஸ், தலித் வீடுகளில் அடித்து நொறுக்கியவற்றில் டிவிப் பெட்டிகளும் இருந்தன. வெளிநாட்டில் உழைத்த காசில் வாங்கியவை பல. ஒரு டிவி யாரிடம் இருக்கலாம் என்பது தொண்ணூறுகளில் இந்த மண்ணில் அரசியல் கேள்வியாக இருந்தது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

1999 ஜூலை 23 அன்று எனக்கு ஒன்பது வயது. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் கைக்குழந்தை உட்பட 17 உயிர்கள் போயின. அன்றிரவு அப்பா தாமதமாக வந்து, செய்தி பார்க்கவேண்டும் என்று ஆட்டத்தை நிறுத்தினார். எட்டாவது உலகத்தில் இருந்தேன். அழுதேன். செய்தியில் என்ன சொன்னார்கள் என்பது நினைவில்லை. போன ஆட்டம் மட்டும் நினைவிருக்கிறது. இந்த நினைவைத்தான் நான் இவ்வளவு நாள் 'அழகான பால்யம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

5

'தொண்ணூறுகளின் குழந்தைகள்' என்ற அடையாளம் இப்போது எல்லோர் வாயிலும் புழங்குகிறது. கேசட்டை ஊதிப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே சாதி என்பதுபோல ஒரு பாவனை. ஊதியவர்கள் கொஞ்சம் பேர். ஜன்னலில் நின்றவர்கள் அதிகம். 2006 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பிறகு எங்கள் ஜன்னலில் கூட்டம் குறைந்ததை நானே பார்த்தேன். அந்தத் திட்டத்தின் ஓட்டுக்கணக்கு, கேபிள் கணக்கு எல்லாம் தெரிந்தும் சொல்கிறேன்: நம் வீடியோ கேம் வரலாற்றில் குறைத்து மதிப்பிடப்பட்ட கருவி அந்த 14 அங்குல டிவிதான். ஜன்னலில் நின்றவன் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆட அது வேண்டியிருந்தது.

எந்தக் கன்சோல் மிகைமதிப்புப் பெற்றது என்று கேட்டால் இப்போது என் பதில் இது: உள்ளே இருந்தவனின் நினைவு. பழைய விளையாட்டுகளைப் பற்றி எழுத உட்காரும் நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெட்டியின் பெயரை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு, ஜாய்ஸ்டிக் யார் கையில் இருந்தது, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். என் அக்காவிடம் போன வாரம் கேட்டேன். "எனக்கு ஆடவே தெரியாதுல தம்பி, உனக்குச் சொல்லித்தான் தெரியும்" என்றாள்.