பிக்கியின் சொந்தப் பேர் என்ன?

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' (1954) நாவலைப் பேசுகிறவர்கள், மனிதனுக்குள்ளே மிருகம் இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

பெரியவர்கள் இல்லாத தீவில் மாட்டிக்கொண்ட ஆங்கிலேயப் பையன்கள். ஜாக் வரும்போதே சீருடை போட்ட பாடகர் குழுவை அணிவகுத்து நடத்திக்கொண்டு வருகிறான். பள்ளியில் தலைமை மாணவனாம், அதனால் இங்கேயும் தான்தான் தலைவனாம். அதிகாரம் தீவில் முளைக்கவில்லை, இவர்களோடு வந்து இறங்கியது.

இன்னொருவன் குண்டுப் பையன், ஆஸ்துமாக்காரன். மிட்டாய்க்கடை வைத்திருந்த அத்தையிடம் வளர்ந்தவன். வாயைத் திறந்தாலே எந்த வர்க்கம் என்று தெரிந்துவிடும். பள்ளியில் தன்னை 'பிக்கி', அதாவது பன்னிக்குட்டி, என்பார்கள், யாரிடமும் சொல்லிடாதே என்று ரால்ஃபிடம் கேட்டுக்கொள்கிறான். ரால்ஃப் எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கிறான். விமர்சகர்கள் நல்லவன் என்று கொண்டாடுகிற அதே ரால்ஃப்! பட்டப்பேரைச் சுமந்து பள்ளிக்கூடம் போன எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட நேரமாயிற்று.

நெருப்பு மூட்ட இவன் மூக்குக்கண்ணாடி வேணும், ஆள் வேணாம். ரோஜர் உருட்டிய பாறையில் செத்து விழும்போதும் கோல்டிங் அவனைப் பன்றியோடுதான் ஒப்பிடுகிறார். சொந்தப் பேர் கடைசிவரை நமக்குச் சொல்லப்படவில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. சாவதற்குச் சற்று முன் ஜாக் கும்பலைத் திட்ட பிக்கிக்குக் கிடைப்பது, கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல். பிந்தைய சில பதிப்புகளில் அதை மாற்றிவிட்டார்கள். முதலில் எழுதப்பட்டது அதுதான்.