ஆன் ஜட்சனின் ரங்கூன் மடல்: அழுகை மெய்ப்பாட்டு நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

இன்று யாங்கோன் என வழங்கும் ரங்கூன் நகரிலிருந்து 1826ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ஆன் ஹசல்டைன் ஜட்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி தம் கணவரின் உடன்பிறந்தாராகிய எல்நாத்தனுக்கு நீண்ட மடல் ஒன்றை வரைந்தார். கணவர் அடோனிராம் ஜட்சன் பர்மிய அரசின் சிறைகளில் பட்ட துன்பத்தையும், அவரைக் காக்கத் தாம் பட்ட பாட்டையும் அதில் விரித்துரைத்தார். ஜேம்ஸ் நோல்ஸ் 1829இல் வெளியிட்ட ஆன் ஜட்சனின் வாழ்க்கை வரலாற்று நூலில் இம்மடல் இடம்பெற்றது. சமயத் தொண்டர் வரலாற்றின் சான்றாக இது பலராலும் பயிலப்பட்டுள்ளது. ஆயினும், தீமையையும் துன்பத்தையும் கிறித்தவ நம்பிக்கை எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் வினாவுக்கு விடை தரும் இலக்கியப் பனுவலாகவும் இது பயிலத்தக்கது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் அழுகைக் கோட்பாடும் புறத்திணை மரபின் கையறுநிலையும் அப்பயிற்சிக்குத் துணையாகின்றன. அவ்விரண்டின்வழி இம்மடலின் பொருளையும் அதன் எல்லையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடலின் சூழல்

ஜட்சன் இணையர் 1813 சூலையில் ரங்கூனை அடைந்தனர். அங்குப் பிறந்த அவர்தம் ஆண் குழந்தை 1816இல் எட்டு மாத அளவில் இறந்தது. 1824 மே 11 அன்று ஆங்கிலேயப் படை ரங்கூனைக் கைப்பற்றியது. அப்போது தலைநகராகிய ஆவாவில் இருந்த வெளிநாட்டார் ஒற்றர் என ஐயுறப்பட்டனர். ஜட்சனுக்கு உரிய பணம் ஆங்கிலேய வணிகர் ஒருவர் வழியாக வந்து சேர்ந்ததும் அவ்வையத்தை வலுப்படுத்தியது. சூன் 8 அன்று அவர் கட்டுண்டு சிறைப்பட்டார். ஆவாவிலும் பின்னர் ஔங்பின்லே என்னும் சிற்றூரிலுமாக அச்சிறைவாழ்வு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீண்டது. 1826 பிப்ரவரி 24 அன்று யந்தபோ உடன்படிக்கையுடன் போர் முடிந்தது. விடுதலைக்குப்பின் ரங்கூன் மீண்ட சில வாரங்களில் எழுந்ததே இம்மடல்.

அழுகையின் நான்கு நிலைக்களன்

தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. சுற்றத்தையும் இன்பந் தருவனவற்றையும் இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வேறொரு நிலையெய்தி வருந்துதல் அசைவு. துய்ப்பதற்கு ஒன்றும் இன்றி ஏங்குதல் வறுமை. இந்நான்கும் மடலில் தெளிவாக அமைந்துள்ளன.

மக்கள் ஆசிரியர் என மதித்த ஒருவரை, முகத்தில் குற்றவாளிக்குரிய புள்ளி பொறிக்கப்பட்ட சிறையலுவலன் தரையில் வீழ்த்திக் கயிற்றால் இறுக்குதல் இளிவின்பாற்படும். அலுவலர் வீட்டு வாயில்தோறும் கையுறையுடன் சென்று பெரும்பாலும் வெறுங்கையராய்த் திரும்பும் ஆனின் நிலை அசைவு. 1825 மே மாத வெயிலில் கைதிகள் வெறுங்காலுடன் அமரபுரம் நோக்கி ஓட்டப்பட்டபோது ஜட்சனின் உள்ளங்கால்கள் உரிந்து குருதி வடிந்தன. உடன்சென்ற கிரேக்கர் ஒருவர் உயிரிழந்தார். இஃது இழவு. ஔங்பின்லேயில் ஆன் நோயுற்றுப் பால் வற்றியபோது, கைக்குழந்தை மரியாவுக்கு ஊட்ட ஏதுமில்லாதது வறுமையின் உச்சம். காவலருக்குக் கையுறை தந்து இசைவு பெற்று, கால் விலங்குடன் ஜட்சன் குழந்தையை ஏந்தி ஊர்த் தாய்மாரிடம் பால் இரந்தார் என்று மடல் கூறுகிறது.

இப்பகுதிகளில் ஆன் கண்ணீரைப் பற்றி விரித்துப் பேசுவதில்லை. விலங்குகள் எத்தனை இணை, எவ்வலுவலரிடம் எப்பொருள் கொடுக்கப்பட்டது என்பனவே மிகுதியும் பேசப்படுகின்றன. நிலைக்களனைத் துல்லியமாக நாட்டினால் மெய்ப்பாடு படிப்போர் உள்ளத்தில் தானே தோன்றும் என்னும் உண்மைக்கு இம்மடல் நல்ல சான்றாகும்.

அவலமும் கருணையும்

மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த பேராசிரியர், தான் அவலித்தலையும் பிறர் அவலங்கண்டு அவலித்தலையும் வேறுபடுத்தி, ஒன்றை அவலமெனவும் மற்றொன்றைக் கருணையெனவும் கொள்ளும் வழக்கைச் சுட்டுகிறார். இவ்வேறுபாடு மடலின் உள்ளமைப்பை விளக்கவல்லது. அவலம் மிகும் இடந்தோறும் அதனையடுத்துக் கருணையும் தோன்றுகிறது.

அமரபுர வழியில், உடன்கைதியான ஆங்கிலேய வணிகரின் வங்காளிப் பணியாளர் தம் தலைப்பாகையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தம் தலைவருக்கும் மறுபாதியை ஜட்சனுக்கும் அளித்தார். புண்பட்ட கால்கள் அதனால் சுற்றப்பட்டன. ஆன் நோயில் கிடந்தபோது, வங்காளிச் சமையலாளர் சாதிக் கட்டுப்பாட்டையும் மறந்து எல்லாப் பணியும் செய்தார். நகர ஆளுநராகிய பர்மிய முதியவர், வெளிநாட்டாரை மறைவாகக் கொல்லுமாறு தமக்கு இடப்பட்ட ஆணையை நிறைவேற்றாது நிறுத்தியதைக் கூறி ஆனின் முன் கண்ணீர் விட்டார். கருணை கிறித்தவருக்கு மட்டும் உரிய உடைமையாக மடலில் காட்டப்படவில்லை. எழுதியவரின் சமயச் சார்பு வெளிப்படையானதேனும், அவர் கண்டெழுதிய காட்சிகள் அச்சார்பை விஞ்சி நிற்கின்றன.

ஆனின் கருணை ஔங்பின்லேயில் முழுமை பெறுகிறது. அவருடன் இருந்த பர்மியச் சிறுமி ஒருத்திக்கு அம்மை கண்டது. ஆன் மற்றொரு சிறுமிக்கும் தம் மகளுக்கும் சிறைக்காவலரின் பிள்ளைகளுக்கும் அம்மைப்பால் குத்தினார். காவலரின் பிள்ளைகளுக்கு நோய் இலேசாக வந்து நீங்கியது. மரியாவுக்கோ குத்திய பால் பிடிக்கவில்லை. அவள் அம்மையால் பெரிதும் வருந்தினாள். செய்தி பரவவே ஊரில் அம்மை காணாத பிள்ளைகளெல்லாம் ஆனிடம் கொண்டுவரப்பட்டனர். கணவரை விலங்கிட்டுக் காப்பவரின் பிள்ளையைத் தம் பிள்ளையுடன் ஒருங்கு வைத்துப் பேணும் இச்செயலை எவ்விளக்கமும் இன்றி மடல் சொல்லிச் செல்கிறது. தீமைக்கு இம்மடல் தரும் மறுமொழியாகக் கொள்ளத்தக்கது இதுவே.

சிலப்பதிகாரக் கண்ணகியுடன் ஒப்பிடின் இது மேலும் விளங்கும். கண்ணகியும் கணவன்பொருட்டு அதிகாரத்தின் வாயிலை அடைந்தவள். தெய்வம் உண்டோ என்று மதுரைத் தெருவில் வினவியவள். அவளுடைய அழுகை வெகுளியாக மாறி நகரை எரித்தது. ஆனின் அழுகை கருணையாக மாறி ஊர்ப்பிள்ளைகளைக் காத்தது. கோவலன் கொலையுண்டான், ஜட்சன் உயிருடன் இருந்தார். ஆதலின் இவ்வொப்பீட்டால் ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துதல் பொருந்தாது. ஆயினும் கண்ணகி வாய்விட்டுக் கேட்ட வினாவை ஆன் கேட்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கையறும் இடம்

மடலில் இறையியல் விளக்கம் வெளிப்படையாகத் தோன்றும் இடம் ஆராய்ச்சிக்குரியது. பால் இரந்த நிகழ்ச்சியையடுத்து, யோபுவின் துன்பங்களே தமக்கு நேர்ந்ததாக எண்ணத் தொடங்கியதை ஆன் குறிப்பிடுகிறார். உடல்நலத்துடன் இருந்தபோது எதனையும் தாங்க முடிந்தது. அன்புக்குரியோர் வருந்தும்போது உதவ இயலாமல் கிடந்ததே தாங்கற்கரியதாயிற்று என்கிறார். ஒவ்வொரு துன்பமும் எல்லையற்ற அன்பினால் நியமிக்கப்பட்டதே என்னும் உறுதி இல்லையேல் தாம் அமிழ்ந்திருக்கக்கூடும் என்றும் எழுதுகிறார்.

செய்வதற்கு ஒன்றும் இன்றிக் கை அற்றுப்போதலே கையறுதல். ஆன் செயலாற்ற இயன்ற வரையில் துன்பத்துக்குக் காரணம் தேடவில்லை. கை அற்ற இடத்திலேயே காரணம் பேசப்படுகிறது. ஆகவே அவருடைய கோட்பாட்டைத் தீமைக்கான பொது விளக்கமாகக் கொள்வதினும், அமிழ்பவர் பற்றிய கொழுகொம்பாகக் கொள்வதே பனுவலுக்குப் பொருந்தும். பொது விளக்கமாகக் கொள்ளின், பசித்த குழந்தையின் அழுகையையும் அன்பு நியமித்ததோ என்னும் வினா எழும். அதற்கு மடலில் விடையில்லை. யோபுவின் நூலிலும், துன்பத்துக்குக் காரணம் கற்பித்த நண்பர்களே இறுதியில் கடிந்துகொள்ளப்படுகின்றனர்.

மடலின் இறுதிப் பகுதியில், மார்ச்சு மாத நிலவொளியில் ஐராவதி ஆற்றின்வழி விடுதலையுடன் சென்ற பயணம் நன்றியுணர்வோடு கூறப்படுகிறது. பாரிமகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடலை அறிந்த வாசகர் இந்நிலவை மகிழ்ச்சியோடு மட்டும் காணல் இயலாது. மடல் எழுதிய ஐந்தே மாதங்களில், 1826 அக்டோபர் 24 அன்று, அம்ஹெர்ஸ்ட் என்னும் ஊரில் ஆன் இறந்தார். கணவர் அப்போது ஆவாவில் இருந்தார். 1827 ஏப்ரலில் மரியாவும் இறந்தாள்.

அதன்பின் ஜட்சன் காட்டில் தனித்திருந்து, தம் கல்லறையைத் தாமே தோண்டி அதன் அருகில் அமர்ந்திருந்தார். ஆன் மறைந்த மூன்றாம் ஆண்டு நினைவுநாளில் எழுதிய மடலில், இறைவன் தமக்கு அறியப்படாதவராகவே இருப்பதாகவும், நம்பியும் அவரைக் காண இயலவில்லை என்றும் குறித்தார். கணவனும் மனைவியும் எழுதிய இவ்விரு மடல்களும் சேர்த்துப் படிக்கப்பட வேண்டியவை. முன்னதில் நம்பிக்கை துன்பத்துக்குக் காரணம் கூறுகிறது. பின்னதில் காரணமும் ஆறுதலும் நீங்கியபின் நம்பிக்கை மட்டும் எஞ்சுகிறது. யோபுவுக்கு அணுக்கமானது பின்னதே. அந்நிலையிலிருந்து மீண்ட ஜட்சன் 1834 சனவரி 31 அன்று பர்மிய விவிலிய மொழிபெயர்ப்பை முடித்தார். யோபுவின் வினாக்களும் புலம்பல் நூலும் அதன்வழிப் பர்மிய மொழியில் இடம்பெற்றன.

மடல் காணாதவை

மடலின் எல்லையையும் சுட்டுதல் திறனாய்வுக் கடனாகும். பர்மிய அரசின் கொடுமை விரிவாகப் பேசப்படும் அளவுக்குப் படையெடுத்தோரின் செயல் பேசப்படவில்லை. ஆங்கிலேயர் இறங்கியபோது ரங்கூன் மக்கள் நகரை விட்டு வெளியேறினர். அவர்கள் பட்ட துன்பம் இங்கு இடம்பெறவில்லை. அப்போரில் ஈடுபட்ட சுமார் 40,000 ஆங்கிலேய, இந்தியப் படையினருள் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நோய். ரங்கூனில் இறங்கிய படையில் சென்னை மாகாணப் படைப்பிரிவுகள் பெரும்பங்கு வகித்தன. தலைப்பாகையைக் கிழித்தளித்த வங்காளியின் பெயரும் மடலில் இல்லை. பிறர் அவலங்கண்டு அவலித்தல் கருணையாயின், கண்ணில் படாத பிறரையும் காணும்போதே அது நிறைவுறும்.

முடிவுரை

ரங்கூன் மடல் தீமை ஏன் உண்டு என்பதை விளக்கவில்லை. அவலம் கருணையாக மாறும் வழியைக் காட்டுகிறது. கருணையின் கை அறும் இடத்தையும் மறைக்காமல் காட்டுகிறது. துன்பத்தை நகையோடு எதிர்கொள்ளச் சொல்லும் திருக்குறளின் இடுக்கண் அழியாமை அதிகாரத்திலிருந்து இது வேறுபட்ட நெறி. துன்பத்தை எள்ளி வெல்லாது, அதனூடே பிறர் துன்பத்தைத் தாங்குவது இந்நெறியின் இயல்பு.

ரங்கூன் தமிழர்க்கு அயலான நகரன்று. 1941 டிசம்பர் 23 அன்று அந்நகரில் சப்பானியர் குண்டு வீசியபின் இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாக வெளியேறினர். அவர்களுள் ஒருவராகிய வெ. சாமிநாத சர்மா தம் பயணத்தை நூலாக எழுதினார். சமயத்தாலும் காலத்தாலும் வேறுபட்டனவேனும், சர்மாவின் நூலும் ஆனின் மடலும் ஒரே நகரின் துன்பத்தைச் சொல்வன. இரண்டையும் அவலம், கருணை என்னும் இணைக்கோட்பாட்டால் ஒப்பிட்டு ஆராய்வது, புலம்பெயர் தமிழாய்வுக்கும் கிறித்தவ இலக்கிய ஆய்வுக்கும் ஒருங்கே பயன் தரும்.