வெரோனாவின் பகைக்குக் காரணம் இல்லை

'ரோமியோவும் ஜூலியட்டும்' காதல் நாடகம் என்றே பெயர்பெற்றது. ஆனால் காதலர் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது விருந்தில், மாடத்தில், திருமணத்தின்போது, விடியற்காலைப் பிரிவில் என நான்கே தடவைகள்தான். மீதி மேடை பெரியவர்களுக்கும் தெருச் சண்டைக்காரர்களுக்கும் உரியது. இந்நாடகம் இன்றும் நம்மை உறுத்துவது அந்த மீதியினால்தான் என்பது என் எண்ணம்.

ஷேக்ஸ்பியருக்கு மூலமாக அமைந்தது ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடுங்கவிதை. அதில் மாதக்கணக்கில் நீளும் கதையை அவர் ஞாயிறு தொடங்கி வியாழன் விடியலுக்குள் அடக்கினார். பதினாறை நெருங்கிய ஜூலியட்டைப் பதினான்கு நிறையாதவளாக்கினார். இரண்டும் வெறும் மேடை வசதிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவளுக்கு வயதும் இல்லை, அவகாசமும் இல்லை.

மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியைப் பாருங்கள். முதலாம் அங்கத்தில் இதே கபுலெட், பெண் கேட்டு வந்த பாரிஸிடம் இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னவர். மகளின் சம்மதமே முக்கியம் என்றவர். இப்போது அவளைக் கேளாமலே வியாழக்கிழமைக்குத் திருமணம் குறித்துவிட்டார். அவள் மறுத்ததும் தெருவில் கிடந்து சாகச் சொல்கிறார். தாய் கைகழுவுகிறாள். இரகசியத் திருமணத்துக்குத் தூது போன செவிலித்தாயோ, பாரிஸையே கட்டிக்கொள், அவன் இன்னும் நல்லவன் என்று ஆறுதல் சொல்கிறாள். தகப்பனின் கூச்சலைவிட இந்த ஆறுதலே கொடியது. லைலா–மஜ்னூனில் தோய்ந்த நமக்கு இவ்விடத்தில் ஒரு வேறுபாடு புலப்படும்: மஜ்னூனுக்கு ஓடிப்போகப் பாலைவனமாவது இருந்தது. ஜூலியட்டுக்கு வீட்டுக்குள்ளேயே நிற்க இடமில்லை.

முடிவு தற்செயலில் தங்கியிருக்கிறது என்பது பழைய குறை. பாதிரியார் ஜோன், கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்பட, கடிதம் ரோமியோவைச் சேர்வதில்லை. 2020இல் வீடுகளுக்குள் முடங்கியிருந்த நமக்கு அதை நம்புவதில் சிரமமில்லை. ஆனால் கேட்க வேண்டியது வேறு: இரண்டு உயிர்கள் ஏன் ஒரேயொரு கடிதத்தில் தொங்க வேண்டும்? வாய்விட்டுப் பேசக்கூடிய ஒரு வீடு வெரோனாவில் அவர்களுக்கு இருந்திருந்தால் கடிதம் தவறியும் பெரிதாக எதுவும் நடந்திராது.

1994இல் ஜெரூசலத்தில் பலஸ்தீன, இஸ்ரேலிய நடிகர்கள் அறபியிலும் ஹீப்ரூவிலும் இதனை இணைந்து மேடையேற்றினர். துணிச்சலான முயற்சிதான். எனினும் இத்தகைய அளிக்கைகளில் ஒரு சிக்கல் உண்டு. நிலமும் ஆக்கிரமிப்பும் உள்ள இடத்தில் பகைக்குக் காரணம் இருக்கிறது. இரு தரப்பும் சமமானவையுமல்ல. ஷேக்ஸ்பியரின் இரு குடும்பங்களோ ஒரே ஊர், ஒரே மதம், ஒரே மொழி, ஒரே அந்தஸ்து. சண்டை எதனால் தொடங்கியது என்று நாடகம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. வேலைக்காரர்கள்கூட வாள் உருவுகிறார்கள். எதற்கென்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. இந்த வெறுமையை ஒரு குறிப்பிட்ட அரசியலால் நிரப்பும்போது பார்வையாளருக்குப் பக்கம் சாய ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. பிரதி அந்த வசதியைத் தருவதில்லை.

கடைசிக் காட்சியில் மொண்டேகு, ஜூலியட்டுக்குப் பசும்பொன்னில் சிலை எழுப்புவதாக வாக்களிக்கிறார். ரோமியோவின் சிலையும் அதற்குக் குறையாது என்கிறார் கபுலெட். பாஸ் லூர்மனின் 1996ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இப்பகுதி இல்லை. அதை விட்டிருக்கக்கூடாது. சமாதானமாகிவிட்ட பிறகும், பிள்ளைகளின் மையித்துகள் காலடியில் கிடக்க, இரண்டு தகப்பன்மாரும் பொன்னில்தான் சரிக்குச் சரி நிற்கிறார்கள்.